நாய்ப்புழு, மாட்டுப்புழு, நம்ம புழு!

"டாக்டர், நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாமா?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுக்கொண்டு வந்தார் அந்த அம்மா. கும்பகோணத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். உட்கார்ந்ததும் செல்போனை நீட்டினார். கேரளாவில் ஒருவருடைய கண்ணிலிருந்து டாக்டர்கள் உயிருள்ள புழுவை உருவி எடுத்த செய்தி. நாயிடமிருந்து கொசு மூலமாக வந்த புழு என்று போட்டிருந்தது.

"எங்க வீட்டு நாய் என் பையன் கட்டில்லதான் படுத்துக்குது. இதைப் படிச்சதிலேர்ந்து இவர் ஒரே பிடிவாதம். நாய் வேணுமா, பிள்ளைங்க வேணுமாங்கிறார். பசங்க ரெண்டு நாளா சரியா சாப்பிடலை."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது இருக்கும். கிராமத்திலிருந்து சில நாள் தங்க வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் புடவையை இழுத்து இடது பாதத்தை மூடிக்கொண்டார். மூடினாலும் தெரிந்தது.

"அம்மாவுக்குக் கால்ல என்ன?"

"அது ஒண்ணுமில்லை டாக்டர். வயசாயிடுச்சில்ல, நீர் இறங்குது" என்றார் மருமகள்.

"வருஷத்துல எத்தனை தடவை குளிர் ஜுரம் வருது?" என்று பெரியம்மாவிடமே கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க தம்பி... மழை பிடிச்சா வந்துடும். தூக்கித் தூக்கிப் போடும். தொடையிடுக்குல நெறி கட்டும். நாலு நாள்ல போயிடும். ஜுரம் போனாலும் வீக்கம் முழுசா வடியறதில்லை."

பார்த்தீர்களா? எங்கோ ஒருவர் கண்ணில் வந்த நாய்ப்புழுவுக்கு வீடே நடுங்குகிறது. அதற்கு உறவுக்காரப் புழு ஒன்று முப்பது வருஷமாக இந்த அம்மாவின் காலில் செய்துவிட்டுப் போன வேலைக்கு 'நீர் இறங்குது' என்று பெயர்!

நீங்களும் அந்தச் செய்தியைப் படித்திருக்கலாம், பயந்திருக்கலாம். அதனால் முதலில் நாய்ப்புழுவையே பார்த்துவிடுவோம்.

வீடு மாறி வந்த புழு

கொசு பரப்பும் இந்தப் புழுக்கள் எல்லாமே ஒரே குடும்பம். ஃபைலேரியா என்று பெயர். வெள்ளை நூலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது போல இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பிராணியை வீடாக வைத்துக்கொண்டிருக்கிறது. சொந்த வீட்டில் பெரும்பாலும் அடங்கி ஒடுங்கித்தான் இருக்கும். வீடு மாறிப் போனால்தான் வம்பு.

மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டேரியா என்று ஒரு புழு, மாட்டின் வயிற்றுக்குள் குடலுக்கு வெளியே வாழ்கிறது. மாட்டுக்கு இதனால் பெரிய தொந்தரவு கிடையாது. பால் கறக்கும், அசை போடும், புழு இருப்பதே தெரியாது. இதே புழுவின் குஞ்சைக் கொசு கொண்டுபோய் ஒரு குதிரைக்குள் விட்டால், அது வழி தெரியாமல் அலைந்து கண்ணுக்குள் போய்விடும். குதிரையின் கண்மணிக்கு முன்னால் வெள்ளை நூல் ஒன்று நீந்துவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கால்நடை மருத்துவர்கள் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். ஆட்டுக்குள் போனாலோ சில சமயம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஏறிவிடும். நேற்றுவரை துள்ளிய ஆடு இன்று பின்னங்கால் இழுத்துக்கொண்டு கிடக்கும். 'ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு' என்பார் ஆடு வளர்ப்பவர். அது ஒரு வகையில் உண்மைதான்!

நாயிடம் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று, இதயத்தின் வலது பக்கத்திலும் நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயிலும் குடியிருக்கும் இதயப்புழு. ஒரு அடி நீளம்கூட வளரும். நாய் இளைக்கும், இருமும், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். நம் நாட்டில் இது வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். இன்னொன்று நாயின் தோலுக்கு அடியில் வாழ்வது. டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்று பெயர். தெற்கே, குறிப்பாகக் கேரளாவிலும் இலங்கையிலும் நாய்களிடம் சகஜமாகக் காண்பது இதுதான். செய்தியில் வருகிற கண் புழுவும் பெரும்பாலும் இதுவே.

நாயைக் கடித்த கொசு மனிதனைக் கடிக்கும்போது, எப்போதாவது ஒரு குஞ்சு நம் தோலுக்குள் புகுந்துவிடுகிறது. இமையிலோ, வெள்ளை விழியின் மேல் தோலிலோ, கன்னத்திலோ ஒரு கட்டி போலத் தெரியும். சிலருக்கு ஏதோ ஊர்வது மாதிரி இருக்கும். கண் டாக்டர் சின்ன ஆபரேஷன் செய்து உருவி எடுத்துவிடுவார். பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் இருக்கும். மனித உடம்பு அதற்குச் சொந்த வீடு இல்லை. இங்கே குஞ்சு பொரித்துப் பெருக அதற்கு வராது. எடுத்துவிட்டால் அநேகமாக விஷயம் முடிந்தது. நாயின் இதயப்புழு மனிதனுக்குள் வந்தால் நுரையீரலில் சிக்கிச் செத்து, எக்ஸ்ரேயில் காசு அளவில் ஒரு வட்டமாகத் தெரியும். புற்றுநோயோ என்று வீட்டையே கதிகலங்க வைத்துவிடும். இதுவும் அபூர்வம்தான்.

ஆக, நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விட வேண்டாம். நாயை நக்கவிட்டதாலோ, கட்டில் பக்கத்தில் படுக்க வைத்ததாலோ இந்தப் புழு வருவதில்லை. நடுவில் கொசு வேண்டும். தெருவில் விட்ட நாய்க்கு மருந்து கொடுப்பார் இல்லாததால் அங்கேதான் புழு அதிகமாகும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தத்தைப் பார்த்து மருந்து கொடுப்பார். ஒரு எச்சரிக்கை: மனிதர்களுக்குக் கொடுக்கிற யானைக்கால் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் இதயப்புழுக் குஞ்சு இருக்கிற நாய்க்கு அந்த மாத்திரை உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

நம் வீட்டுப் புழு

இப்போது பெரியம்மாவின் காலுக்கு வருவோம்.

யானைக்கால் புழுவின் பெயர் வுச்சரேரியா பாங்க்ராஃப்டி. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. நாய், மாடு, பூனை எதுவும் இதற்கு வீடு இல்லை. உலகத்தில் இதற்கு இருக்கிற ஒரே வீடு மனிதன்!

இது சாதாரண விஷயம் இல்லை. வெறிநாய்க் கடியை ஒழிப்பது ஏன் கஷ்டம்? நாய், நரி, கீரி என்று பல பிராணிகளிடம் அந்தக் கிருமி ஒளிந்துகொள்கிறது. இந்தப் புழுவுக்கு அப்படி ஒளிந்துகொள்ளக் காடு கிடையாது. நாம் இடம் கொடுக்காவிட்டால் அதற்குப் போக்கிடமே இல்லை.

பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், ஆண் புழு அதில் பாதிகூட இல்லை. இரண்டும் நம் நிணநீர்க் குழாய்களுக்குள் பின்னிக்கொண்டு ஆறிலிருந்து எட்டு வருஷம் வாழ்கின்றன. நிணநீர்க் குழாய் என்பது உடம்பின் வடிகால். திசுக்களில் கசிகிற நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. தெருச் சாக்கடையில் சாக்குப்பை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான். முதலில் குழாய் தளர்ந்து விரியும், பிறகு வேலை செய்யாது, நீர் தேங்கும். பெரும்பாலும் காலில், ஆண்களுக்கு விரையில், சில பெண்களுக்குக் கையிலும் மார்பிலும்கூட. சிலருக்குச் சிறுநீர் பால் போலப் போகும்.

இந்த ஜோடி லட்சக்கணக்கில் குஞ்சுகளை ரத்தத்தில் விடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் கால் பாகத்தைவிடக் கொஞ்சம் அதிக நீளம், அவ்வளவுதான். இவை பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஊர் தூங்கிய பிறகு, தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு வரும். இரண்டு மணிக்கு மேல் மெல்லத் திரும்பிப் போகும். ஏன் தெரியுமா? நம் ஊர்ச் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் கடிக்கிற நேரம் அது! பசிபிக் தீவுகள் சிலவற்றில் இந்த நோயைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. அங்கே குஞ்சுகள் பகலிலும் வெளியே உலவுகின்றன. கொசுவின் டைம்டேபிள் புழுவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் சுகாதாரத் துறையினர் நடுராத்திரியில் கதவைத் தட்டி விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தது இதற்காகத்தான். 'பகல்ல வரக் கூடாதா, தூக்கத்தைக் கெடுக்குறாங்களே' என்று அவர்களைத் திட்டாத வீடு கிடையாது.

கொசுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1877-ல் சீனாவின் ஆமாய் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவருடைய தோட்டக்காரருக்கு ரத்தத்தில் குஞ்சுகள் இருந்தன. அவரைக் கொசு நடமாடும் இடத்தில் தூங்கச் சொல்லி, கடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். புழு கொசுவுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது! மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் நிரூபிப்பதற்கு இருபது வருஷம் முன்பே நடந்தது இது. ஆனால் மேன்சன் ஒரு இடத்தில் சறுக்கினார். கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நினைத்துவிட்டார். கொசுவின் கடிக்கும் குழலிலேயே புழு தயாராகக் காத்திருப்பதை 1900-ல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்பவர் காட்டிய பிறகுதான் கணக்கு நேரானது.

'ஒரு கொசு கடிச்சிடுச்சே, யானைக்கால் வந்துடுமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆறுதல். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல மடங்காகப் பெருகும். இந்தப் புழு பெருகாது. கொசுவுக்குள் ஒரு குஞ்சு போனால், பத்துப் பதினைந்து நாளில் அது வளர்ந்து, கடைசியில் இருப்பது ஒரே ஒரு புழு. அதையும் கொசு ஊசி போல உள்ளே செலுத்துவதில்லை. புழு தோலின் மேல் சொட்டு ஈரத்தோடு விழுந்து, கொசு குத்திய ஓட்டையைத் தேடி ஊர்ந்துபோக வேண்டும். வழியில் காய்ந்தால் செத்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் குடும்பம் நடத்த முடியும் என்பதால் வருஷக்கணக்கில், நூற்றுக்கணக்கில் கடி வாங்கினால்தான் நோய் குடியேறும். கல்யாணத்துக்கு ஒருநாள் வந்து போகிறவருக்கு வராது. சாக்கடை ஓரத்து வீட்டில், கொசுவலை இல்லாமல், குழந்தையிலிருந்து தூங்கியவருக்கு வரும். இது சாபமும் இல்லை, பரம்பரை வியாதியும் இல்லை. அந்தப் பெரியம்மா மாதிரி முற்றிய காலோடு இருப்பவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சே இருக்காது. அவர் பக்கத்தில் உட்காருவதால், அவர் தட்டில் சாப்பிடுவதால் யாருக்கும் எதுவும் தொற்றாது.

அப்படியானால் பரப்புவது யார்? கால் வீங்காத, காய்ச்சல் இல்லாத, 'எனக்கு என்ன கேடு?' என்று நடமாடுகிற ஆள்தான்.

நான் செய்த தப்பு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து நான் பிராக்டிஸ் ஆரம்பித்த புதிது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வந்தார். மளிகைக் கடைக்காரர் மனைவி. வலது பாதத்தில் வீக்கம். அமுக்கினால் குழி விழுந்து திரும்ப எழும்புகிற ஆரம்ப நிலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை குளிர் ஜுரம்.

நான் என்ன செய்தேன்? கஷாயம் கொடுத்தேன். தைலம் கொடுத்து நன்றாக நீவிவிடச் சொன்னேன். ஜுரம் வந்து கால் சிவந்து கொதிக்கும்போது சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். உள்ளே இருக்கிற புழு கிளம்புவதால்தான் ஜுரம் என்று நம்பினேன். ஒன்றரை வருஷம் அந்தப் பெண் என்னிடம் வந்தார். ஒவ்வொரு ஜுரத்துக்கும் கால் ஒரு சுற்றுப் பெருத்தது. குழி விழுவது நின்று, தோல் தடித்துப் போனது.

ஒருநாள் அவரோடு ஒரு சுகாதார ஆய்வாளரும் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். மரியாதையாகவே கேட்டார். "டாக்டர், இந்தப் பொண்ணோட கால் விரல் இடுக்கை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட!

அவரே குனிந்து சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் பிரித்துக் காட்டினார். வெள்ளையாக ஊறிப்போன சேற்றுப்புண். நடுவில் கத்தியால் கீறியது போல வெடிப்பு. நாள் முழுக்கக் கிணற்றடியிலும் கொல்லையிலும் ஈரத்தில் நிற்கிற கால். அந்த வெடிப்புதான் வாசல். அதன் வழியாகச் சாதாரணப் பாக்டீரியா உள்ளே போகிறது. வடிகால் கெட்டுப்போன காலில் அதை விரட்ட ஆள் இல்லை. அதனால்தான் ஜுரம், நெறி, சிவப்பு. ஒவ்வொரு ஜுரமும் மிச்சமிருக்கிற வடிகாலையும் கெடுக்கிறது. அதாவது, காலை முதலில் கெடுப்பது புழு. யானைக்காலாக ஆக்குவது இந்த ஜுரம்! நான் நீவச் சொன்னதும், சூடு வைக்கச் சொன்னதும், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதை.

புழுவைக் கொல்ல என்னிடம் மூலிகை இல்லை. இதைச் சித்த மருத்துவன் நானே எழுதுகிறேன். 'நாற்பத்தெட்டு நாளில் யானைக்கால் கரையும்' என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களிடமும், காலில் சூடு போடுகிறவர்களிடமும், அந்தக் காலில் அட்டை கடிக்க விடுகிறவர்களிடமும் போகாதீர்கள். அந்தக் காலில் விழுகிற எந்தக் கீறலும் ஒரு புதிய வாசல்.

காலைக் கழுவுவது எப்படி?

'இதுக்கு ஒரு பாடமா?' என்று சிரிக்க வேண்டாம். வீங்கிய காலுக்கு உலகம் முழுக்க இன்று சொல்லப்படும் முதல் வைத்தியம் இதுதான்.

தினமும் இரண்டு வேளை கழுவ வேண்டும். முடியாவிட்டால் ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு வேளையாவது. பச்சைத் தண்ணீர், சாதாரணக் குளியல் சோப் போதும். சுடுதண்ணீர் வேண்டாம், பிரஷ் வேண்டாம், பீர்க்கங்கூடு வேண்டவே வேண்டாம். முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, மடிப்புகளுக்குள் விரலை விட்டு, கடைசியில் ஒவ்வொரு விரல் இடுக்கிலும். சோப் நுரை போய்த் தண்ணீர் தெளிவாக வரும் வரை ஊற்ற வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் உதவி செய்யுங்கள்.

கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. மெல்லிய பருத்தித் துணியால் ஒத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். விரல் இடுக்கில் துணியை நுழைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். பாதிப் பேர் செய்யும் தவறு இங்கேதான். சோப் போட்டுக் கழுவிவிட்டு, ஈரக்காலோடு அப்படியே நடந்து போய்விடுகிறார்கள்!

சேற்றுப்புண் இருந்தால் அதற்கு எங்கள் மருத்துவத்தில் சீமை அகத்திக் களிம்பு இருக்கிறது. படர்தாமரைக்குப் பயன்படுகிற அதே களிம்புதான். காய்ந்த இடுக்கில் தடவலாம். ஆறாவிட்டால் தோல் டாக்டர் தரும் பூஞ்சைக்கான களிம்பைப் போடுங்கள். எந்த வைத்தியம் பெரியது என்று சண்டை போடுகிற இடம் கால் விரல் இடுக்கு இல்லை. புண் பெரிதாக இருந்தால் திரிபலாக் கஷாயத்தை ஆறவைத்துக் கழுவலாம்.

படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். உட்காரும்போது காலை ஒரு முக்காலியில் நீட்டுங்கள். கணுக்காலை மேலும் கீழும், வட்டமாகவும் அசைக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் காலை உயர்த்த வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக் கொல்லைக்குக்கூட. நகத்தை ஒட்ட வெட்டிக் காயப்படுத்தக் கூடாது.

ஜுரம் வந்துவிட்டால் நீவ வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், கட்டுப் போட வேண்டாம். காலைத் தூக்கி வைத்துப் படுத்து, ஈரத்துணியால் குளிர்ச்சி கொடுத்து, அன்றே டாக்டரிடம் போய் ஆன்ட்டிபயாடிக் வாங்குங்கள். விரைவீக்கம் இருக்கிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வேட்டிக்குள் சுமக்க வேண்டாம். அது ஆபரேஷனில் சரியாகிற விஷயம்.

மாத்திரையைத் துளசிச் செடிக்குப் போட்டவர்கள்

2004-லிருந்து நம் நாட்டில் யானைக்கால் பகுதிகளில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கடுமையான நோயாளிகள் தவிர எல்லோருக்கும். பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் விழுங்கினார்களா? 'எனக்குத்தான் நோய் இல்லையே' என்று அலமாரியில் வைத்தவர்கள், கொல்லையில் துளசிச் செடி அடியில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். என்னிடமே வந்து பெருமையாகச் சொல்வார்கள், 'இங்கிலீஷ் மருந்து, சூடு, அதான் தூக்கிப் போட்டுட்டேன்' என்று. சித்த மருத்துவர் பாராட்டுவார் என்ற எண்ணம்!

அந்த மாத்திரை ரத்தத்தில் உள்ள குஞ்சுகளை வேகமாகக் கொல்கிறது. பெரிய புழுவை அந்த அளவுக்குக் கொல்வதில்லை. அதனால்தான் ஒரு தடவையோடு நிறுத்தாமல், புழு கிழடாகிச் சாகும் வரை வருஷா வருஷம் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் குஞ்சு இல்லாவிட்டால் கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் இல்லை. சாப்பிட்ட பிறகு சிலருக்குத் தலைவலி, லேசான ஜுரம், கிறுகிறுப்பு வரும். குஞ்சுகள் கும்பலாகச் சாவதால் வருகிற தொந்தரவு அது. அதாவது, யாருக்கு அதிகமாகத் தலை சுற்றியதோ, அவருக்குத்தான் அந்த மாத்திரை அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது.

இதனால் ஒழியுமா என்று கேட்டால், ஒழித்துக் காட்டியிருக்கிறார்கள். சீனா, இதே மருந்தைச் சாப்பாட்டு உப்பிலேயே கலந்தும் கொடுத்து, 2007-ல் ஒழித்துவிட்டது. இலங்கையும் மாலத்தீவும் 2016-ல், தாய்லாந்து 2017-ல். இலங்கையிலும் இதே சாக்கடைக் கொசுதான், இதே வெயில்தான். நம் நாடு 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் மாத்திரை கொடுக்கிற கட்டம் முடிந்து, கண்காணிப்புதான் நடக்கிறது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களில் இன்னும் மாத்திரை கொடுக்கப்படுகிறது. அங்கிருந்து வேலைக்கு வருபவர்களிடம் இரவு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். உங்கள் கட்டடத்தில், கடையில் வேலை செய்கிறவர்களைப் பரிசோதிக்க வந்தால் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அவர்களைக் குற்றவாளி மாதிரிப் பார்க்காதீர்கள். ஒரு காலத்தில் கும்பகோணத்துக்காரன் என்றாலே எங்கள் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள்!

கேரளாவில் சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் தந்தது வேறொரு புழு, புருகியா. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடாது. ஆகாயத்தாமரையின் வேரில் குழலைக் குத்தி, அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். நாங்கள் மருந்துக்குத் தேடிப் பறிக்கிற ஆகாயத்தாமரை, கொசுவுக்கு மூக்காக இருக்கிறது! அங்கே குளத்துச் செடியை அகற்றினால்தான் கொசு குறையும். நம் ஊரில் வேலை வேறு இடத்தில். வீட்டின் செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் காற்றுக் குழாயின் வாயில் ஒரு கொசுவலைத் துணியைக் கட்டிவிடுங்கள். இருபது ரூபாய்ச் செலவு. வீட்டு முன் சாக்கடை தேங்கவிடாதீர்கள். நொச்சி இலைப் புகை போடுவது நல்லதுதான், ஆனால் புகை ஒரு மணி நேரத்தில் போய்விடும், புழுக் குஞ்சு வெளியே வருவதோ பத்து மணிக்கு மேல். ராத்திரிக்குக் கொசுவலையை நம்புங்கள்.

அன்றைக்கு அந்தப் பெரியம்மாவின் காலை நானே கழுவித் துடைத்துக் காட்டினேன். 'ஐயோ, நீங்க போய்...' என்று காலை இழுத்துக்கொண்டார். விரல் இடுக்கில் நான் எதிர்பார்த்தது அப்படியே இருந்தது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாவைக் கிராமத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. இவருடைய கால் அந்த நிலையில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நாய்க்குக் கால்நடை மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். புழு இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் போய்விட்டது. பெரியம்மா போன வாரம் வந்திருந்தார். கால் வீக்கத்துக்காக இல்லை, முழங்கால் வலிக்கு. ஜுரம் வந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை வரலை தம்பி" என்றார்.